துணைக்கு ஆள்: உண்டு

நடந்தவை, வரிசையாக:

1. நான் கொச்சிக்கு வந்து இந்த ஜூன் மாதத்தோடு ஐந்து ஆண்டுகள் முடிந்தன.
2. அந்த வாரம் முகவரி மாற்றத்துக்காகப் பழைய காகிதங்களைத் தேடியபோது, வந்த முதல் மழைக்காலத்தில் நான் டெங்குவில் படுத்தபோது தந்த மருத்துவமனைச் சீட்டு கிடைத்தது. அதில் எனக்குத் துணையிருந்தவர் பெயர் சுடலைமுத்து. உறவு: சகோதரன். எனக்குச் சகோதரர்கள் இல்லை.
3. அதே வாரம் புதன்கிழமை, நான் வேலை செய்யும் நிறுவனத்தின் மென்பொருள் அதே சுடலைமுத்து அண்ணனுக்காக ஒரு முடிவுப் படம் வரைந்தது. இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்ட அவருக்கு வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்வது நல்லது என்று பரிந்துரைத்தது.
4. படத்தில் 'வீட்டில் துணைக்கு ஆள்' என்ற வட்டத்தில் 'உண்டு' என்றிருந்தது. ஆதாரமாகக் காட்டிய பெயர் என்னுடையது.
5. அந்த வட்டத்துக்கான விதியை எழுதியவளும் நான்.
6. அப்படியே இருக்கட்டும் என்று அண்ணன் கேட்டார்.
7. நான் மாற்றினேன்.

ஒன்று

சங்கரன்கோவிலிலிருந்து கொச்சிக்கு வந்ததைப் புலம்பெயர்தல் என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். சாயங்காலம் ரயிலேறினால் விடியும்போது வந்துவிடலாம். நான் தாண்டியது கடலை அல்ல, ஒரு மலையை. ஆனால் செங்கோட்டைக்கு அப்புறம் ரயில் குகைக்குள் நுழைந்து வெளியே வரும்போது பெயர்ப்பலகைகளின் எழுத்து மாறிவிடுகிறது. எழுத்து மாறிய இடத்தில் படிப்புக்கு மதிப்புக் குறைந்துவிடுகிறது. பொறியியல் படித்த நான் முதல் ஆறு மாதம் பஸ்ஸின் நெற்றியைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்பவரிடம் இது கலூர் போகுமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது பலகைகளை வாசிக்கிறேன். அதற்குப் பதிலாக வேறொன்று நடந்திருக்கிறது. அம்மாவிடம் போனில் பேசும்போது "சாயா குடிச்சாச்சா" என்று வந்துவிடுகிறது.

"சாயாவாம்லா. பக்கத்துத் தெருவுக்குப் போறவ மாதிரி போனா, அமெரிக்காக்காரி மாதிரி பேசுதா" என்று அம்மா அப்பாவிடம் சொல்வாள். எனக்குக் கேட்கும்படிதான் சொல்வாள்.

மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் என் அறை. துவைத்து உலர்த்திய துணியிலும் சுக்கு வாசம் இருக்கும். காலையில் படகில் எறணாகுளம், அங்கிருந்து பஸ்ஸில் கலூர், அங்கே ஆறாவது மாடியில் அலுவலகம். மாலையில் இதையே திருப்பிப் போட்டால் என் நாள் முடிந்தது.

இரண்டு

முதல் மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் மூன்று நாளாகியும் இறங்கவில்லை. நானே ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனேன். படுக்கை இருந்தது, ஆனால் சேர்க்கவில்லை.

"பைஸ்டாண்டர் ஆரா?" என்று கேட்டார் சிஸ்டர்.

இந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் அந்தச் சொல் தெரியாமல் நுழைய முடியாது. நோயாளியின் கூட இருப்பவர்தான் பைஸ்டாண்டர். மருந்துச் சீட்டோடு ஓட, பிளாஸ்க்கில் வெந்நீர் பிடிக்க, கஞ்சி வாங்க, கையெழுத்துப் போட ஓர் ஆள். எங்கள் ஊரில் இதற்குத் தனிப் பெயர் கிடையாது. யாராவது இருப்பார்கள், அவ்வளவுதான்.

தனியாகத்தான் வந்தேன் என்றேன்.

"ஆளில்லாதெ வார்டில் கேற்றில்ல மோளே." ஆள் இல்லாமல் வார்டுக்குள் விடமாட்டார்கள். அவர் கோபப்படவில்லை. எனக்காக வருத்தப்பட்டுத்தான் சொன்னார். ஆனால் படிவத்தில் அந்தக் கட்டம் நிரம்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது.

என் கட்டிடத்தின் பின்சுவருக்குப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார் ஒருவரின் எண் போனில் இருந்தது. முந்தின வாரம் குளியலறைச் சுவர் ஒழுகுகிறது என்று சொல்வதற்காக வாங்கியது. தமிழ் பேசுகிறவர் என்பதைத் தவிர அவரைப் பற்றி எதுவும் தெரியாது. அழைத்தேன். அரை மணி நேரத்தில், முழங்கை வரை காய்ந்த சிமெண்ட்டோடு வந்து நின்றார்.

"அண்ணாச்சி ஆரா இவளுடெ?" இவளுக்கு நீங்கள் யார் என்று சிஸ்டர் கேட்டார்.

"கூடப் பொறந்தவன்" என்றார் அவர், யோசிக்காமல்.

சிஸ்டர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுதிக்கொண்டார்.

நான்கு நாள் இருந்தேன். பகலில் வேலைக்குப் போய்விட்டு, மாலையில் வந்து பெண்கள் வார்டுக்கு வெளியே வராந்தாவில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார். எறணாகுளம் பிராட்வே கடைத்தெருவில் ஒரு பச்சை பிளாஸ்க் வாங்கி வந்திருந்தார். மூன்றாம் நாள் கொஞ்சம் தெம்பு வந்ததும், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"வேற என்னத்தச் சொல்ல? தெரிஞ்ச பிள்ளைன்னு சொன்னா உள்ள விடுவாவளா?"

கடையநல்லூர்ப் பக்கம் அவர் ஊர். மனைவி பேச்சியம்மாளும் ஒரே மகளும் அங்கே. அவர் இங்கே பள்ளுருத்தியில், வரிசையாகக் கட்டிய லைன் அறைகளில் ஒன்றில், நான்கு பேரோடு. நான் வீடு திரும்பியபோது பிளாஸ்க்கை என்னிடமே விட்டுவிட்டார்.

அதன்பின் அது என் பழக்கமாயிற்று. தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை செய்யும் யாராவது படுத்துவிட்டால் அண்ணன் என்னை அழைப்பார்: "தங்கச்சி, ஒரு கையெழுத்து." மலையாளப் படிவம் வாசிக்க, டாக்டரிடம் பேச, கூட இருக்க நான் பிளாஸ்க்கோடு போவேன். உறவு என்ற கட்டத்தில் அப்போது வாயில் வருவதைச் சொல்வோம். தங்கை, நாத்தனார், சித்தி மகள். பொய் சொல்கிறோம் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. கதவு திறக்கும் வார்த்தை அது. திறந்ததும் மறந்துவிடுவோம்.

மூன்று

என் வேலை என்னவென்று ஊரில் கேட்கிறார்கள். எழுதிவிடுகிறேன்.

ஒரு நோயாளிக்கு இரண்டு மூன்று சிகிச்சை வழிகள் இருந்தால் எதைத் தேர்வது? அதற்குப் படம் வரையலாம். சதுரம் என்றால் நாம் எடுக்கும் முடிவு. வட்டம் என்றால் நம் கையில் இல்லாதது: தொற்று வருமா, இதயம் தாங்குமா. கடைசியில் ஒரு சாய்சதுரம்: அந்த நோயாளிக்கு எது எவ்வளவு முக்கியம். எது எதைப் பாதிக்கும் என்று அம்புக்குறிகள். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும், அது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஓர் எண். மருத்துவரும் புள்ளியியல் தெரிந்தவரும் சேர்ந்து இப்படி ஒரு படம் வரைய வாரக்கணக்காகும். ஆகவே யாரோ ஒரு பொதுவான நோயாளிக்குத்தான் வரைவார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்தப் பொது ஆளாக இருக்கமாட்டார்.

எங்கள் மென்பொருள் தானாகவே படம் கட்டுகிறது. நோயாளியின் பதிவேட்டைப் படித்து, மருத்துவ அறிவுத் தொகுப்பிலிருந்து அவருக்குப் பொருந்தும் துண்டுகளை மட்டும் எடுத்து, அவருக்கென்றே இணைக்கிறது. சர்க்கரை நோய் இல்லாதவரின் படத்தில் சர்க்கரை என்ற வட்டமே வராது. முடிவெடுப்பது மருத்துவர்தான். படம் அவருக்கு வழி காட்டும். எனக்கு இந்த வேலை பிடிக்கும். இப்போதும்.

சிக்கல், பதிவேட்டில் இல்லாததை என்ன செய்வது என்பதில் இருக்கிறது. வீட்டு டயாலிசிஸ் என்பது வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக ஒரு திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியேற்றுவது. தினமும் நான்கு முறை பை மாற்ற வேண்டும். சுத்தமான இடம் வேண்டும். தளர்ந்துபோகும் நாளில் உதவ ஓர் ஆள் வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றுக்குள் தொற்று வரும், உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே 'வீட்டில் துணைக்கு ஆள்' என்று ஒரு வட்டம். பதிவேட்டில் அப்படி ஒரு தகவல் கிடையாது. ஆனால் பைஸ்டாண்டரின் பெயரும் உறவும் இருந்தன. நான் ஒரு விதி எழுதினேன்: இரண்டும் நிரப்பப்பட்டு, உறவு குடும்ப உறவாக இருந்தால், 'உண்டு' என்று கொள்க.

கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை. மற்றவர்கள் எல்லாரும் இந்த ஊர்க்காரர்கள். அவர்கள் வீட்டில் யார் படுத்தாலும் கூட இருப்பது உண்மையிலேயே அம்மாவோ அண்ணனோதான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பொய் உறவில் படுக்கை வாங்கியவள் அந்த மேசையில் நான் ஒருத்திதான். விதி எழுதும்போது அது என் நினைவுக்கு வரவில்லை.

நான்கு

புதன்கிழமைகளில், எங்கள் மென்பொருளைப் பயன்படுத்தும் மருத்துவமனையிலேயே உட்கார்ந்து, அந்த வாரம் வரைந்த படங்களைச் சரிபார்ப்பேன். நோயாளிகளின் பெயரை மறைத்துவிட்டுத்தான் எங்களுக்குத் தருவார்கள். துணையாளரின் பெயரை மறைக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஆண், நாற்பத்தெட்டு வயது, கட்டிட வேலை, பள்ளுருத்தி. பரிந்துரை: வீட்டு டயாலிசிஸ். அதற்கும், மருத்துவமனைக்குப் போய் மிசினில் செய்துகொள்ளும் வழிக்கும் இடையில் மதிப்பெண்ணில் நல்ல இடைவெளி, மென்பொருளுக்குச் சந்தேகமே இல்லை. அவ்வளவு உறுதி எங்கிருந்து வந்தது என்று அம்புக்குறிகளைப் பின்னோக்கித் தொடர்ந்தேன். தொற்று வட்டத்தில் எண் சிறிதாக இருந்தது. காரணம், துணை வட்டத்தில் 'உண்டு'. அதைத் தொட்டால் ஆதாரம் காட்டும். என் பெயர். உறவு: தங்கை.

யாருடைய படம் என்று அப்போது தெரிந்தது. ஏப்ரலில் அவருக்குக் கால் வீங்கி மூச்சு வாங்கியபோது சேர்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டிருந்தேன்.

மறுநாள் சிறுநீரக டாக்டரிடம் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் அவர் புறநோயாளிப் பிரிவில் அண்ணனைப் பார்த்துவிட்டார். மதியம் அண்ணனே அழைத்தார்.

"தங்கச்சி, மிசின் வேண்டாமாம். வயித்துல ஒரு குழாய வச்சு நாமளே மாத்திக்கிடலாமாம். டாக்டரம்மா கம்ப்யூட்டர்ல பாத்துச் சொன்னாவ."

அவரே தொடர்ந்தார்.

"ஒன் கம்ப்யூட்டரு தானாமே அது. கேக்கவே பெருமையா இருந்துச்சு."

ஐந்து

ஞாயிற்றுக்கிழமை பள்ளுருத்திக்குப் போனேன். ஐந்து பேருக்கு ஓர் அறை, வெளியே ஒரு குழாய். அண்ணன் ஒரு மூலையை ஒழித்து, சுவரை வெள்ளையடித்து, திரவப் பை தொங்கவிட ஒரு கொக்கி அடித்து வைத்திருந்தார். கொத்தனார் கை. கொக்கி அத்தனை நேராக இருந்தது.

அடுப்படியில் நின்ற மாரியப்பன் அவருடைய அறைத்தோழர். "வயித்துக்குள்ள பைப் லைன் இழுக்காவளாம். ஒழுகாம பூசிப்புடும்வே, ஒமக்கென்ன தெரியாத வேலையா" என்றார். அண்ணன் சிரித்தார்.

பகல் பன்னிரண்டு மணிப் பையை எங்கே வைத்து மாற்றுவீர்கள் என்று கேட்டேன்.

"மேஸ்திரி கலூர் சைட்ல சாமான் பாக்கிற வேல தாரேன்னிருக்காரு. ஒக்காந்து பாக்கிற வேல. அங்க சிமெண்ட் ஷெட்டுல ஒரு ஓரமா மாத்திக்கிடுவேன்."

"சிமெண்ட் தூசியிலயா?"

"தார்ப்பாய் கட்டிக்கிடலாம்."

மாரியப்பன் அடுப்பைத் தணித்தார். இவர்கள் நால்வரும் காலை ஆறரைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

"அண்ணே, ஒங்களுக்குத் துணைக்கு ஆள் இருக்குன்னு அதுல எம்பேரு இருக்கு. அதை வச்சுத்தான் அது வீட்டுலயே பண்ணலாம்னு சொல்லுது."

"இருக்கட்டுமே."

"நான் இங்க இல்லையே."

"பேருதானே தங்கச்சி. இருந்துட்டுப் போவுது. மிசின்னா வாரத்துல மூணு நாளு போச்சு. மூணு நாளு வராதவனுக்கு எவன் வேல தருவான்? ஊருக்குத்தான் போவணும். ஊர்ல என்ன இருக்கு?"

"ஊர்ல மதினி இருக்காவ."

"அவ இருக்கா. பை அங்க வராதே."

அது உண்மை. பைகள் அரசுத் திட்டத்தில் வருபவை. சிகிச்சைக்குக் கொடுத்த முகவரி இந்த மாவட்டத்துக்குள் இருந்தால்தான் பைகளை வீட்டில் கொண்டுவந்து தருவார்கள். பை வருவது இங்கே, மாற்றிவிடும் கை இருப்பது அங்கே. என் வட்டத்தில் அதற்கு இடமில்லை. உண்டு, இல்லை என்று இரண்டே பதில்கள்தான் அதற்குத் தெரியும்.

"மதினிய வரச் சொல்லுங்க."

"மகளுக்குப் பன்னெண்டாவது. யார்ட்ட விட்டுட்டு வருவா? அந்தப் பிள்ளையும் இப்பம் போன்ல 'ம்'ங்கா, அதோட சரி. போன்லயே வளந்துட்டா. நர்சுக்குப் படிக்கணுமாம். அது முடியற வரைக்கும் நான் வேலையில நின்னா போதும், பொறவு என்னமும் ஆவட்டும்."

ஏப்ரலில் மென்பொருளுக்காக அவரிடம் கேள்விகள் கேட்டிருந்தோம்: உங்களுக்கு எது முக்கியம், எதற்காக எதை விட்டுக்கொடுப்பீர்கள் என்று. சாய்சதுரத்துக்குள் போகும் எண்கள் அவை. அன்று அவர் எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றே பதில் சொல்லியிருந்தார். இந்தப் பதில் அதில் இல்லை.

"மாத்தணும் அண்ணே" என்றேன்.



"அன்னைக்கு நீ யாரு என்னன்னு கேட்டா நான் கையெழுத்துப் போட்டேன்?"

"அன்னைக்கு நாலு நாள். இது தினம் நாலு தடவை."

"எண்ணிக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆறு

எண்ணத்தான் செய்தேன். என் பெயரை எடுப்பதைவிட அதை உண்மையாக்க முடியுமா என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்.

காலை ஆறு மணி: முதல் பஸ் பிடித்தால் முடியும்.
பகல் பன்னிரண்டு: முடியாது.
மாலை ஐந்து: முடியாது.
இரவு பத்து: வாரத்தில் ஒரு நாள் முடியலாம்.
ஞாயிறு: நான்கு தடவையும் முடியும்.

வாரத்துக்கு இருபத்தெட்டில் பதினொன்று. அதுவும் எனக்கு உடம்பு சரியாக இருக்கும் வாரத்தில். அந்த அளவைத் துணை வட்டத்துக்குள் போட்டு ஓட்டினேன். பரிந்துரை மாறியது: மருத்துவமனையில், மிசினில். எவ்வளவு போட்டால் மறுபடி வீடு என்று வரும் என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனேன். பதினேழில் நிறுத்தினேன். எனக்கு வேண்டிய பதிலுக்கு எண் தேடுகிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

திங்கட்கிழமை டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஞான் கருதி அனியத்தி ஆணெந்நு" என்றார். தங்கை என்றே நினைத்திருந்தாராம். பிறகு, "ஆளிடமே கேட்டிருக்கலாம். திரையில் இருந்ததால் கேட்கவில்லை" என்றார். பழி முழுவதும் என்மேல் விழும் என்று நினைத்துப் போயிருந்தேன். அவர் அதில் பாதியைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டது எனக்கு லேசாக இல்லை. கூடுதலாகத்தான் கனத்தது.

பதிவேடுகளில் என் பெயரைத் தேடச் சொன்னார். ஏழு இடத்தில் வந்தது. ஏழு குடும்பங்களில் நான் உறவு. மூன்று பேருக்கு மென்பொருள் படம் வரைந்திருந்தது. திருத்தி ஓட்டியதில் அண்ணனைத் தவிர இன்னொருவருக்கும் பரிந்துரை மாறியது. ஹோட்டல் வேலைக்காரர், காலில் ஆறாத புண்ணோடு அதற்குள் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார். டாக்டர் பதறி அவரை போனில் அழைத்தார். அறைத்தோழர் ஒருவர் தினமும் புண்ணைக் கழுவி, மருந்து கட்டி, போட்டோ எடுத்து சிஸ்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். புண் ஆறிவருகிறது. அங்கே துணைக்கு ஆள் இருந்திருக்கிறது, எந்தப் பதிவிலும் இல்லாத ஆள். அதை நினைத்து ஆறுதல் அடைய எனக்கு உரிமை இல்லை.

ஏழு

இப்போது நிலை இது.

அந்த விதி நீக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பதிலாக நோயாளியிடம் அவர் மொழியிலேயே கேட்கிறோம்: காலை ஆறுக்கு உங்கள் பக்கத்தில் யார், பன்னிரண்டுக்கு யார், ஐந்துக்கு யார், பத்துக்கு யார். 'யாருமில்லை' என்று சொல்லலாம். 'வேறு ஊரில் இருக்கிறார்' என்றும் சொல்லலாம். நேரம் எடுக்கிறது என்று சிஸ்டர்கள் குறைப்படுகிறார்கள்.

பைகளைக் கடையநல்லூருக்கு அனுப்ப முடியுமா என்று டாக்டர் அந்தத் திட்டத்தின் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். முகவரிச் சான்று கேட்டார்கள். ஊர் முகவரியைக் கொடுத்தோம். சிகிச்சை நடப்பது கேரளத்தில் என்பதால் இங்குள்ள முகவரி வேண்டும் என்றார்கள். மூன்றாவது கடிதம் போயிருக்கிறது.

மகளின் தேர்வு முடிந்தபின் வருவதைப் பற்றி யோசிக்கலாம் என்று பேச்சியம்மாள் மதினி சொல்லியிருக்கிறார். அவர் வந்தால், வேறு அறை கிடைத்தால், குழாய் வைப்பதைப் பற்றி மறுபடி பேசலாம் என்கிறார் டாக்டர்.

கலூர் சைட் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பள்ளுருத்தி அறையில் அந்தக் கொக்கியில் மாரியப்பன் சட்டை தொங்குகிறது.

அண்ணனுக்குத் திங்கள், புதன், வெள்ளி காலை மிசின். திங்களும் புதனும் அறையிலிருந்து யாராவது ஒருவர் வேலையை விட்டுவிட்டு வருகிறார். வெள்ளிக்கிழமை நான் அரை நாள் விடுப்பு எடுத்து, பச்சை பிளாஸ்க்கோடு போகிறேன். நான்கு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வெந்நீர் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.

வெள்ளிக்கிழமைச் சீட்டில் பைஸ்டாண்டர் கையெழுத்து என்னுடையது. உறவு என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அதை நிரப்ப வேண்டும் என்று சிஸ்டர் இரண்டு முறை சொல்லிவிட்டார். இரண்டு முறையும் நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் மிசினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.